ஒரு கண்ணில் மட்டும் எழுத்து சிறுத்துத் தெரிகிறது: சி.எஸ்.ஆர். டென்ஷனால்தான் வருகிறதா?

கேள்வி, 2024 ஜூன் 9

34 வயது, ஆரம்பப் பள்ளி ஆசிரியை, நாமக்கல் பக்கம். இரண்டு வாரமாக இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் படித்தால் புத்தக எழுத்து ஒரு சைஸ் சின்னதாகத் தெரிகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, கரும்புள்ளியும் இல்லை. சார்ட்டில் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுகிறேன். கண்ணாடிக் கடையில் வலதுக்கு மட்டும் +0.75 எழுதிக் கொடுத்தார்கள். கண் டாக்டரிடம் போனால், "சி.எஸ்.ஆர். மாதிரி இருக்கு, விழித்திரைக்கு அடியில நீர் கோக்கற நோய், டென்ஷன்ல வர்றது, ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்" என்று சொல்லி ஸ்கேனுக்கு எழுதினார். எனக்குப் பெரிய டென்ஷன் எதுவும் இல்லை. பார்வை 6/6 இருக்கும்போது ஸ்கேன் தேவையா? இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?

2024 ஜூன் 9, இரவு

வந்திருக்கிறது டீச்சர். எனக்கு இடது கண். ஸ்கேன் எடுத்துவிடுங்கள், நாளைக்கே எடுத்தாலும் சரி. ஓ.சி.டி. என்ற அந்த ஸ்கேன் வெளிச்சத்தை வைத்து எடுப்பது. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் யாராவது ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால், "ஸ்கேன் பார்த்துவிட்டுச் சாப்பிடலாமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. என் கதையை நாளைக்கு முழுசாக எழுதுகிறேன்.

2024 ஜூன் 10

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் பதினாறு வருடமாக ஷேடு மேட்ச் செய்கிறேன். பையர் அனுப்பும் துணித்துண்டையும் நாங்கள் சாயம் போட்ட லேப் டிப்பையும் லைட் பாக்ஸுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது அது மாதிரியே இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான்.

2021 நவம்பரில் ஒரு டர்க்காய்ஸ் நீலம் வந்தது. பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கள் துண்டில் பச்சை டோன் தூக்கலாகத் தெரிந்தது. நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மெஷினில் வைத்தால் நிற வித்தியாசம், டெல்டா ஈ, 0.4. அதாவது பாஸ். மறுபடி பார்த்தேன், மறுபடியும் பச்சைதான். ஒரு விளக்கில் பொருந்தி இன்னொரு விளக்கில் பொருந்தாமல் போகும் மெட்டாமெரிசம் எங்கள் தொழிலில் தினசரித் தலைவலி. அதுதான் என்று நினைத்துக் கடை விளக்கான டிஎல்84-க்கு மாற்றினேன். அதிலும் அப்படியே. கண்ணில் பஞ்சுத் தூசி விழுந்ததில் இடது கண்ணைத் தேய்த்துக்கொண்டே வலது கண்ணால் பார்த்தேன். இரண்டு துண்டும் ஒரே நிறமாக இருந்தன. கையை எடுத்து வலது கண்ணை மூடினேன். வெள்ளைத் தாள்கூட டீத்தண்ணியில் நனைத்து எடுத்த மாதிரி பழுப்பாக இருந்தது.

விளக்கிலும் துணியிலும் கோளாறு இல்லை, கண்ணில்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் கவனித்ததில் இடது கண்ணுக்கு நூல் கோன் சின்னதாகவும் தெரிந்தது, நீங்கள் சொல்வது போலவே. கண்ணாடிக் கடையில் எனக்கும் +0.75. பார்வை 6/6.

2024 ஜூன் 10, கொஞ்சம் கழித்து

நாற்பது வயதில் எல்லாருக்கும் பிளஸ் வரும்தானே என்று கடைக்காரர் சொன்னார். வயதால் வருவது இரண்டு கண்ணுக்கும் சேர்ந்து வரும், அதுவும் கிட்டப் படிப்பதற்கு. ஒரே கண்ணில், தூரப் பார்வைக்கு, சில வாரத்துக்குள் திடீரென்று பிளஸ் ஏறினால் அது வேறு விஷயம். கண்ணாடிக் கடையிலேயே சந்தேகப்பட வேண்டிய அடையாளம் இது.

2024 ஜூன் 12

எழுத்து ஏன் சிறுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என் ரெட்டினா டாக்டர் படம் போட்டுச் சொன்னதை எழுதுகிறேன்.

விழித்திரைக்குப் பின்னால் நிறமிச் செல்களால் ஆன ஒரே ஒரு அடுக்கு இருக்கிறது. அதற்கும் பின்னால் கோராய்டு, முழுக்க ரத்தக் குழாய். கோராய்டில் இருந்து நீர் முன்பக்கம் வராமல் தடுப்பதும், வந்ததை இறைத்துத் திருப்பி அனுப்புவதும் அந்த ஒற்றை அடுக்கின் வேலை. சி.எஸ்.ஆரில் கோராய்டு தடித்து, குழாய்கள் வீங்கி, அழுத்தம் ஏறி, நடு அடுக்கில் ஒரு இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. அது வழியாகக் கசியும் நீர் விழித்திரைக்கு அடியில் கோத்துக்கொள்கிறது. ஐப்பசி மழைக்குச் சுவரில் ஈரம் ஏறி பெயிண்ட் கொப்புளம் விடுகிறதே, அதேதான். பெயிண்டில் குறை இல்லை, ஈரம் பின்னாலிருந்து வருகிறது.

கொப்புளத்தின் மேல் இருக்கும் ஒளிச்செல்கள் இழுபட்டு ஒன்றுக்கொன்று விலகிவிடுகின்றன. 'அ' என்ற எழுத்தின் பிம்பம் முன்பு நூறு செல் மேல் விழுந்தது என்றால் இப்போது எண்பது மேல் விழுகிறது. எண்பது செல்தானா, அப்படியானால் சின்ன எழுத்து என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. நூறு, எண்பது எல்லாம் புரிவதற்காக நான் சொல்வது.

பிளஸ் பவருக்கும் காரணம் அந்தக் கொப்புளம்தான். விழித்திரை முன்னால் தள்ளப்படுவதால் ஃபோகஸ் அதற்குப் பின்னால் போய் விழுகிறது. 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஏறத்தாழ 3 டையாப்டர் மாறும். கால் மில்லிமீட்டர் என்றால் முக்கால். உங்கள் +0.75-ஐ வைத்துப் பார்த்தால் 250 மைக்ரான் வாக்கில் நீர் இருக்கலாம். ஸ்கேன் வந்ததும் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

2024 ஜூன் 13

டென்ஷன் கதையை விட்டுவிடுங்கள் டீச்சர். அதை யார் கிளப்பினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

2024 ஜூன் 15

முந்தாநாள் எழுதியதைத் திருத்துகிறேன். கோபத்தில் எழுதிவிட்டேன்.

டென்ஷன் பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது. நியூயார்க் விழித்திரை மருத்துவர் யானுஸி 1987-இல், எதிலும் அவசரம், போட்டி, பதற்றம் என்று இருக்கும் 'டைப் ஏ' சுபாவக்காரர்களிடம் இந்த நோய் அதிகம் என்று எழுதினார். இன்றைக்கும் பல டாக்டர்கள் சொல்வதற்குப் பின்னால் அதுவும் இருக்கிறது. உடலே சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு பதற்றத்தில் கூடுகிறது. அது அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயாளிகளுக்கும் சி.எஸ்.ஆர். வருகிறது. ஆக, டென்ஷன் கதையை விட்டுவிடுங்கள் என்று நான் எழுதியது தப்பு. டென்ஷனும் ஸ்டீராய்டும் ஒரே வாசல் வழியாக நுழைகின்றன.

எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான். டென்ஷன் என்று சொன்னதும் விசாரணை முடிந்துவிடுகிறது. "மனசை லேசா வெச்சுக்கோங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். சுபாவத்தை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது, ஸ்டீராய்டு கலந்த ஒரு கிரீமை இன்றைக்கே மாற்றலாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது?

ஆண்களுக்கு அதிகம் என்பது உண்மை. அமெரிக்காவில் மின்னசோட்டாவின் ஓம்ஸ்டெட் கவுண்டியில் இருபது வருடத்துக்கு மேலான கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு லட்சம் ஆண்களில் 9.9 பேர், லட்சம் பெண்களில் 1.7 பேர். ஆறுக்கு ஒன்று. அந்த ஒன்றும் இருக்கிறதே! பெண் என்பதாலேயே இது உங்களுக்கு வராது என்று யாரும் தள்ளிவிட முடியாது.

2024 ஜூன் 16

என் கதையின் மோசமான பகுதி.

2021 டிசம்பர் நடுவில் ஒரு கண் மருத்துவரிடம் போனேன். பார்வை 6/6, நிறம் பார்க்கும் புள்ளிப் புத்தகத்தில் இடது கண் தடுமாறியது. நிறம் மங்குகிறது என்றால் பார்வை நரம்பில் அழற்சியாக இருக்கலாம் என்றார். ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். அவர் கிளினிக்கில் ஓ.சி.டி. மெஷின் இல்லை.

அவர் ஊகம் முட்டாள்தனமானது இல்லை. நரம்பு அழற்சியிலும் ஒரே கண்ணில் நிறம் மங்கும். ஆனால் அதில் பெரும்பாலும் கண்ணை அசைத்தால் வலிக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் பாப்பா சுருங்குவதில் வித்தியாசம் இருக்கும். எழுத்து சிறுப்பதும் பிளஸ் ஏறுவதும் அதில் வருவதில்லை. எனக்கு வலி துளிகூட இல்லை. கோன் சின்னதாகத் தெரிகிறது என்பதையும் சொன்னேன். அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

மார்கழி பிறந்திருந்தது. மாத்திரை ஆரம்பித்து ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, விடியற்காலையில் அம்மா வாசலில் பதினொரு புள்ளிக் கோலம் வைத்துக்கொண்டிருந்தார். இன்னும் கோடு இழுக்கவில்லை, வெறும் புள்ளிதான். படியில் நின்று இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். நடுவில் இருந்த நாலைந்து வரிசைப் புள்ளிகளை யாரோ விரலால் உள்ளே கூட்டி வைத்த மாதிரி நெருங்கி, ஓரப் புள்ளிகள் வளைந்து நின்றன. அம்மா ஒரு புள்ளிகூடத் தப்பாக வைக்கிறவர் இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எட்டாம் நாள் பார்வையின் மேல்பக்கத்தில் நிழல் இறங்கியது. படுத்து எழுந்ததும் நடுப்பார்வை முழுக்கப் புகை மூட்டம். நிமிர்ந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் நடுவில் கொஞ்சம் தெளியும், மேலே நிழல் தடிக்கும். மாத்திரை போதவில்லை, டோஸ் கூட்ட வேண்டும் என்று அண்ணன் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்லவேளை, வேறு ஊரில் விழித்திரைக்கென்றே இருக்கும் மருத்துவமனைக்கு மனைவி இழுத்துக்கொண்டு போனார்.

2024 ஜூன் 16, தொடர்ச்சி

ஸ்கேனில் நடுவில் 410 மைக்ரான் நீர். கோராய்டு தடிமன் 480, சாதாரணமாக 300-க்குள் இருக்கும் என்றார்கள். அப்புறம் கையில் ஊசி வழியாக மஞ்சள் சாயம் ஏற்றி ஆஞ்சியோ எடுத்தார்கள். சாயம் என்றதும் எனக்கு ஆர்வம், திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். இருட்டில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி மெல்ல மேலே ஏறி, மேலே போய்க் குடையாக விரிந்தது. இது பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இப்படித் தெரியும், மற்றவர்களுக்கு மைப்பொட்டு ஊறுவது போல அப்படியே பரவும் என்றார் டாக்டர். எனக்கு இன்னும் மூன்று இடத்தில் மைப்பொட்டுக் கசிவும் இருந்தது. கீழ்ப்பாதி விழித்திரை நீரில் பலூன் போல எழும்பி நின்றது. கீழே நீர் கோத்தால் நிழல் மேலே தெரியும், கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால். படுத்தால் நீர் நடுவுக்கு ஓடி வரும், நிமிர்ந்தால் கீழே இறங்கும். என் காலைப் புகைமூட்டம் அதனால்தான்.

சி.எஸ்.ஆரிலேயே அரிதான வகையாம் இது. அமெரிக்க மருத்துவர் காஸ் 1973-இல் தனியாக எழுதி வைத்திருக்கிறார். ஸ்டீராய்டு போகும் உடம்பில், மாற்று உறுப்பு வைத்தவர்களிடம், இது வருவதுண்டு. கெட்டது என்னவென்றால், பார்த்ததும் ஹரடா என்ற அழற்சி நோய் மாதிரி இருக்கும். அந்த நோய்க்கு மருந்து ஸ்டீராய்டு, அதுவும் ஏகப்பட்ட டோஸில். மாறிப் போனால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

2024 ஜூன் 17

சிறுநீர் மஞ்சளாகப் போகுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், ஆஞ்சியோவுக்கு அப்புறம் ஒரு நாள் முழுக்க ஆரஞ்சு மஞ்சள்தான். தோலும் கொஞ்சம் மஞ்சளிக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீர் குடியுங்கள்.

2024 ஜூன் 20

மாத்திரையால் மோசமாகியது சரி, ஆரம்பத்தில் ஏன் வந்தது? இதை நான் எழுதவே இல்லை.

இரண்டாவது மருத்துவமனையில் என்னைக் கேள்வி கேட்டவர் டாக்டர் இல்லை, ஒரு இளம் பெண் ஆப்டோமெட்ரிஸ்ட். "வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் விடவில்லை. "மூக்குல அடிக்கிறது? வாய்ல இழுக்கிறது? தோல்ல தடவுறது? முழங்கால்லயோ தோள்லயோ போட்ட ஊசி? மூச்சிரைப்புக்குப் பொடி, லேகியம் ஏதாவது?" மூக்கில் அடிப்பது என்றதும்தான் ஞாபகம் வந்தது. பஞ்சுத் தூசிக்குத் தும்மல் நிற்காது, அதற்காக ஒரு ஸ்பிரே. டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதியது. நான் பழைய சீட்டைக் காட்டிக் காட்டி எட்டு மாதமாக வாங்கி, தினமும் இரண்டு வேளை அடித்துக்கொண்டிருந்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் புளூட்டிகசோன். ஸ்டீராய்டு.

முதல் டாக்டர் இதைக் கேட்கவே இல்லை என்று இரண்டு வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே எழுதுவதற்காக நேற்று பழைய ஃபைலை எடுத்தேன். அவர் சீட்டில் 'வேறு மருந்து: இல்லை' என்று எழுதியிருக்கிறது. கேட்டிருக்கிறார். நான்தான் இல்லை என்றிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. மூக்கில் அடிப்பது எனக்கு மருந்துக் கணக்கிலேயே வரவில்லை, விக்ஸ் மாதிரி அதுவும் ஒன்று. எத்தனை பேருக்கு அப்படித்தான் இருக்கும்! அந்தப் பெண் கேட்ட மாதிரி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும்.

டீச்சர், உங்களையும் அதே வரிசையில் கேட்கிறேன். மூக்கில், வாயில், தோலில், மூட்டில், பொடியில். யோசித்து எழுதுங்கள்.

2024 ஜூன் 21

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்தே படியுங்கள்: ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தாதீர்கள். நாள்பட்ட மாத்திரையைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆஸ்துமா இழுப்பானை விட்டால் மூச்சே சிக்கலாகும். எழுதிக் கொடுத்த டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது அது. எனக்கும் மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைத்தார்கள். ஸ்பிரேயை அன்றே நிறுத்தினேன். தும்மலுக்கு முகக்கவசமும் உப்புத் தண்ணீரில் மூக்கு கழுவுவதும் இன்று வரை போதுமானதாக இருக்கிறது.

ஸ்பிரேதான் காரணம் என்று நிரூபணம் இல்லை. லட்சக்கணக்கான பேர் அடிக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் வருவதில்லை. அந்த வருடம் நைட் ஷிஃப்டும் எனக்கு அதிகம், தூக்கம் கெட்டிருந்தது. ஸ்பிரே, தூக்கமின்மை, பிறவியிலேயே தடித்த கோராய்டு, எது எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? மாத்திரைக்குப் பிறகு மோசமானதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

2024 ஜூன் 23

டீச்சரின் பதில் வந்திருக்கிறது. ஸ்கேனில் 230 மைக்ரான் நீர். நான் சொன்ன 250-க்குப் பக்கத்தில் வந்ததில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, ஆனால் கணக்கு சரிதான். மாத்திரை, ஊசி எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, கடைசி வரியில், "முகத்தில் மங்குக்கு ஒரு கிரீம் மட்டும், ஒரு வருடமாக" என்று போட்டிருக்கிறார்.

டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள் டீச்சர். இடது கண்ணால் படியுங்கள்.

2024 ஜூன் 24

ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது ஸ்டீராய்டு.

மங்குக்கு இந்த மூன்றும் சேர்ந்த கிரீமைத் தோல் டாக்டர்களே கொடுப்பார்கள், சில வாரத்துக்கு, கண்காணிப்போடு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி ஒரு வருடம் தடவுவதற்கானது இல்லை. முகம் வெளுக்க என்று கேட்டாலே இதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். 2018-இல் மேலே பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மத்திய அரசு அட்டவணை எச்-இல் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எங்கள் தெருமுனைக் கடையில் நேற்றுகூட ஒரு பெண் பெயர் சொல்லிக் கேட்டார், கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

தோலில் தடவுவது கண் வரைக்கும் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முகத் தோல் மெல்லியது, உறிஞ்சும். பூசும் ஸ்டீராய்டோடும் மூட்டில் போடும் ஊசியோடும் சேர்ந்து சி.எஸ்.ஆர். வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு அதனால்தான் என்று நான் சொல்ல முடியாது. டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் கண் டாக்டரிடமும் தோல் டாக்டரிடமும் காட்டுங்கள். கிரீமை விட்டதும் முகம் சிவந்து எரிச்சல் எடுக்கலாம், அதற்காகவாவது தோல் டாக்டர் வேண்டும்.

2024 ஜூன் 30

அண்ணிக்கு ஏழாம் மாதம், ஒரு கண்ணில் நடுவில் மங்கல், சி.எஸ்.ஆரா என்று ஒரு தம்பி கேட்கிறார். கர்ப்பத்தில் வருவதுண்டு, பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில், பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானாக வற்றிவிடும். ஓ.சி.டி. எடுக்கலாம், சாய ஆஞ்சியோவைக் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள். ஆனால் தம்பி, ஏழாம் மாதத்தில் கண் மங்கினால் முதலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அதை இன்றைக்கே செய்யுங்கள், கண் டாக்டர் நாளைக்கு.

2024 ஜூலை 6

சிகிச்சை பற்றிப் பலர் கேட்டதால் எழுதுகிறேன். புதிதாக வந்தது பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாகவே வற்றும். அதனால்தான் டாக்டர்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். அது அலட்சியம் இல்லை. மாதக்கணக்கில் நீர் நின்றால்தான் ஒளிச்செல்கள் கெடும்.

வற்றாதவர்களுக்கு வெர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்தை ஏற்றி, கசியும் இடத்தில் லேசான லேசர் அடிப்பது இருக்கிறது, பாதி டோஸில். 2018-இல் வந்த பிளேஸ் என்ற ஆய்வில் இந்த முறையில் 67 சதவீதம் பேருக்கு நீர் முழுசாக வற்றியது. மைக்ரோபல்ஸ் என்ற வேறு வகை லேசரில் 29 சதவீதம். ஏற்றியபின் இரண்டு நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. என் டாக்டர் இதைத்தான் யோசித்தார். அப்போது மருந்துக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு, கிடைக்கவில்லை, காத்திருந்தோம்.

எப்லெரினோன் மாத்திரை நல்லது, சித்தப்பா மகனுக்குக் குணமானது என்று இரண்டு வருடம் முன்பு வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். அதை இங்கே திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் 22 மருத்துவமனைகளில் 114 பேரை வைத்து வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2020-இல் முடிவு வந்தது. ஒரு வருடம் கொடுத்தும் வித்தியாசம் இல்லை. சித்தப்பா மகனுக்குத் தானாகவே வற்றியிருக்க வேண்டும். தானாக ஆறும் நோயில் எந்த மருந்தைக் கொடுத்தாலும் அதற்குத்தான் நல்ல பெயர் போகும். 1866-இல் பெர்லினில் கண் மருத்துவர் வான் கிரேஃப இதை முதன்முதலில் எழுதியபோது மேகநோயால் (சிஃபிலிஸ்) வருவது என்று நினைத்தார். அதற்கு அன்று கொடுத்த மருந்துகளிலும் பலருக்கு 'குணம்' கிடைத்திருக்கும்.

2024 ஜூலை 7

எனக்கு எப்படி வற்றியது: ஆறு வாரத்தில் 410-லிருந்து 260, மூன்றாம் மாதம் 90, ஐந்தாம் மாதம் பூஜ்யம். கீழே இருந்த பலூன் அதற்கும் முன்பே அடங்கியது. மோசமான நாளில் 6/24 இருந்த பார்வை 6/6-க்கு வந்துவிட்டது. நிறம் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. இளமஞ்சளும் வெளிர் ரோஸும் மங்கிய வெளிச்சத்தில் இடது கண்ணுக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒன்றுதான். லேபில் கடைசி முடிவை இப்போது என் ஜூனியர் பெண் சொல்கிறார், நான் ஸ்பெக்ட்ரோ பார்க்கிறேன். பதினாறு வருடம் கண்ணால் சோறு சாப்பிட்டவனுக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

2024 ஜூலை 19

வீட்டில் எப்படிக் கவனிப்பது என்று டீச்சர் கேட்டார். ஆம்ஸ்லர் கட்டம் என்று ஒன்று உண்டு. 10 சென்டிமீட்டர் சதுரம், அரை சென்டிமீட்டர் கட்டங்கள், மொத்தம் 400, நடுவில் ஒரு புள்ளி. 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக, புள்ளியையே பார்க்க வேண்டும். உங்கள் வகுப்புக் குழந்தைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டே போதும், நடுவில் பேனாவால் ஒரு பொட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள், வளைந்த இடத்தைப் பென்சிலால் சுழித்து, தேதி போடுங்கள். தினமும் பார்க்காதீர்கள். நான் தினமும் பத்து முறை பார்த்து, இல்லாத வளைவெல்லாம் தெரிய ஆரம்பித்து, தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டேன்.

வற்றிய பிறகும் நோட்டை வைத்திருங்கள். மூன்றில் ஒருவருக்கு, சில கணக்கில் பாதிப் பேருக்கு, திரும்பவும் வருகிறது.

2024 செப்டம்பர் 1

டீச்சர் எழுதியிருக்கிறார். கிரீமைத் தோல் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தி பத்து வாரம். நீர் 230-லிருந்து 60. எழுத்து இரண்டு கண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. முகம் ஒரு மாதம் சிவந்து கிடந்ததாம், இப்போது பரவாயில்லை. மங்கு கொஞ்சம் திரும்பியிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார். கிரீமை நிறுத்தாமலே வற்றியிருக்குமோ என்றும் கேட்டிருக்கிறார். இருக்கலாம் டீச்சர், எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்களே, ஜூனில் கடையில் எழுதிக் கொடுத்த அந்த +0.75-க்குக் கண்ணாடி போட்டுவிடலாமா என்று. வேண்டாம். நீர் வற்ற வற்ற அந்த பவரும் இறங்கிவிடும். எனக்குப் போட்ட கண்ணாடி நாலாவது மாதமே தலைவலி கொடுத்தது, இப்போது மேசை டிராயரில் கிடக்கிறது. அடுத்த ஸ்கேனில் பூஜ்யம் வரட்டும், அப்புறம் பவர் பார்த்துக்கொள்ளலாம்.